பதினொன்றே முக்கால், ஒரு நூல் கம்மி

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. தலையில் கலவைச் சட்டியோடு நின்று கேட்டேன். நான்காவது மாடியில் டைல்ஸ் வெட்டுகிறவன் சொன்னான். அவன் சொல்லி நிறுத்தும்வரை சட்டியை இறக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. "கலவை இறுகுது, எங்கக்கா போனீங்க?" என்று உள்ளறையிலிருந்து கொத்தனார் கத்தியபோதுதான் எனக்குக் கழுத்து ஒன்று இருப்பதும் அது வலிப்பதும் தெரிந்தது.

ஆரம்பத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் தடவை: "அவனுக்கு இசை என்றால் உயிர்." இது பொய். இசை என்றால் அவனுக்கு உயிருமில்லை, மயிருமில்லை. கல் வெட்டுகிற மெஷின் போடுகிற கூச்சலைத் தாங்குவதற்குக் காதில் எதையாவது மாட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை: "அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவனுக்குக் கைகால்

இதை இப்படியே விட்டுவிட்டேன். யார் குரல் என்று தெரியாமல் நீங்கள் எதற்கு அதிர வேண்டும்? முதலில் ஆள் யாரென்று தெரிய வேண்டும். அதனால் இது மூன்றாவது ஆரம்பம். சுவருக்குக் கல் ஒட்டுகிற மாதிரி கீழ் வரிசையிலிருந்து வருகிறேன்.

2

இரண்டு பேர். மேஸ்திரி ஒட்டுவார், இவன் வெட்டுவான். இவன் மேஸ்திரியை அண்ணே என்பான். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அதற்கும் ஒரு படி மேலே.

வெட்டினால் தூசி பறக்கும் என்பதால் வெட்டுகிறவன் ஒட்டுகிற அறையில் இருக்க மாட்டான். நடையிலோ பால்கனியிலோ தள்ளி உட்கார்ந்திருப்பான். ஓரத்துக்கு ஒரு துண்டு தேவைப்பட்டால் மேஸ்திரி அளந்து, இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "பதினொண்ணே முக்கால், ஒரு நூல் கம்மீ!" நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கல்லில் பிளேடு படலாம். வருஷக்கணக்காக இப்படி. மேஸ்திரி கூவுவார், இவன் திருப்புவான், கல் பிளக்கும்.

அந்தக் குரலை எப்படி எழுதுவது? தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி கிளம்பி, கடைசிச் சொல்லில் மட்டும் ஏறி நிற்கும். "கம்மி" என்று வெட்டிவிட மாட்டார், "கம்மீ" என்று அரை மூச்சு இழுப்பார். யாராவது கேட்டால், "இழுத்தாதான் இவன் மண்டைக்குள்ள போவுது" என்பார்.

அப்புறம் குரல் கரகரத்தது. சிமெண்டுத் தூசி என்றார்கள். சளி என்றார்கள். கடைசியில் வேறொன்று என்றார்கள். மேஸ்திரியின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவர் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. பேச வேண்டுமென்றால் உடைந்த டைல்ஸ் துண்டில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். படித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அதுவும் ஆரம்பத்தில்தான். போகப்போகத் துண்டையும் கையில் எடுப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இவன் விடுமுறை நாள் தவறாமல் போவான், முதுகைப் பார்த்துவிட்டு வருவான்.

வேலையில் இவன் வேறு யாரோடும் சேரவில்லை. தானே அளக்கிறான், நடந்து போய்த் தானே வெட்டுகிறான், திரும்பி வந்து தானே ஒட்டுகிறான்.

"ஏன்டா, ஒரு ஆளைச் சேத்துக்கயேன். நீ நடக்கற நடையில பக்கத்து ஊரே வந்துரும்" என்றார் காண்ட்ராக்டர்.

"பாக்கலாங்க."

"எதைப் பாக்கறது? ஆளைக் காட்டினாதான் பாக்கலாம்."

"அதான், பாக்கலாங்க."

(அடைப்புக்குறி எனக்குப் பிடித்த குறி. இரண்டு பக்கமும் பலகை அடித்து நடுவில் கொட்டினால் சொல்ல வந்தது சிந்தாமல் நிற்கிறது. இதற்குள் ஒன்றைக் கொட்டிவைக்கிறேன்: இவன் திரும்பத் திரும்ப நடந்ததை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். எழுதும்போதுதான் அந்த நடை துக்கம் என்று பட்டது. அவனிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே கேட்கவில்லை.)

3

பாட்டு எங்கிருந்து வந்தது? அவன் மகளிடமிருந்து. அவள் செல்போன் பழுதுபார்க்கிற கடையில் வேலை செய்கிறாள். கேட்டதையே கேட்டுச் சலித்துப்போன அப்பாவின் போனில் எதையோ அழுத்திக் கொடுத்தாள்.

"இது இண்டி ஃபோக்ப்பா."

"அப்படின்னா?"

"பெரிய கம்பெனி கிடையாது. அவங்களே எழுதி, அவங்களே பாடி, அவங்களே வெளியில விடறது."

"சொந்தக் காண்ட்ராக்ட்டா?"

"ஆமா."

"அப்ப நல்லாத்தான் இருக்கும். இது?"

"அது ஆர்ட் ராக். கொஞ்சம் கோணலா இருக்கும். முதல் தடவையே திட்டாதீங்க."

முதல் தடவையே திட்டினான். "பாட்டுப் பாடறாங்களா, பாட்டை ரிப்பேர் பண்றாங்களா?"

ஆனாலும் கையெல்லாம் பசையாக இருந்தபோது பாட்டை மாற்ற முடியவில்லை. ஓடட்டும் என்று விட்டான். ஒரு பெண் ஒற்றைக் கிதாரோடு தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தாள். பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம். எங்கேயோ குழாயைத் திறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து போய் மூன்று குளியலறையையும் பார்த்துவிட்டு வந்தான். குழாய் பாட்டுக்குள் இருந்தது. அவள் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பாடியிருக்கிறாள், குழாயை மூடவில்லை. அதற்கப்புறம் அந்தப் பாட்டை அவனால் விட முடியவில்லை. அவளுக்குக் குழாய்க்காரி என்று பெயர் வைத்தான்.

பிறகு ஒருவன் அகப்பட்டான். பாட்டு நடுவில் இருமிவிட்டு, இருமலையும் அப்படியே வெளியில் விட்டவன். அவன் இருமல்காரன். பிறகு ஒரு கூட்டம். அவர்கள் தாளத்துக்குத் தலையாட்டினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். எண்ணிக்கையில் எங்கேயோ ஒன்று குறையும். அதைக் கேட்டபடி மாடிப்படி இறங்கியவன் கடைசிப் படியில் கால் தடுமாறி, கோபம் வராமல் சிரித்தான். "எல்லாம் ஒரே மட்டமா ஒட்டினாத்தான் தரைன்னு நினைச்சிட்டிருந்தேங்க்கா. இவங்க வேணும்னே ஒரு கல்லைத் தூக்கி வைக்கறாங்க. அங்கதான் உயிர் இருக்கு."

புதிது தேடுவதே ஒரு பழக்கமாகிவிட்டது. குழாய்க்காரியின் இன்னொரு பாட்டில் டிரம் அடித்தவள் வேறு யாரோடெல்லாம் அடித்திருக்கிறாள் என்று மகளைத் தேடச் சொல்வான். அந்த வழியே போனால் இன்னொரு குழு, அங்கிருந்து இன்னொன்று. சீல் உடைக்காத டைல்ஸ் பெட்டியைத் திறக்கிற முகம் வந்துவிடும் அவனுக்கு.*

* இயர்போனில் எனக்கும் ஒரு காது கொடுத்தான். குழாய்க்காரியை எனக்கும் பிடித்தது. இருமல்காரனைப் பிடிக்கவில்லை. இருமலை வீட்டிலேயே இலவசமாகக் கேட்கிறேன்.

இந்தப் பகுதி நீண்டுவிட்டது, தெரியும். சந்தோஷமாக இருந்தானே, இருக்கட்டும் என்று விட்டேன். அடுத்து வருவதை எழுதக் கை வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

4

அந்த டிரம்காரி வழியாகத்தான் அவள் அடிக்கிற இன்னொரு குழுவுக்கும் போனான். புதிதாக வெளிவந்த ஒற்றைப் பாட்டு. மெதுவாக ஒரு கிதார். அதன்மேல் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. சட்டென்று எல்லாம் நின்றது. அந்த வெற்றிடத்தில், தூரத்து அறையிலிருந்து வருகிற மாதிரி:

"பதினொண்ணே முக்கால், ஒரு நூல் கம்மீ!"

"பதினொண்ணே முக்கால், ஒரு நூல் கம்மி!" என்று இவன் திருப்பிக் கத்தினான். கல்லை எடுத்தான். கோடு போட்டான். வெட்டினான்.

வெட்டி முடித்து, கொடுப்பதற்காகக் கையை நீட்டிய பிறகுதான் தெரிந்தது. எதிரே யாருமில்லை. அவன் கையில் எந்தச் சுவருக்கும் தேவைப்படாத ஒரு துண்டு இருந்தது.

இந்த இடத்தில் "அவன் உடைந்து அழுதான்" என்று எழுதி, டீ குடிக்கிற நேரத்தில் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் அழலக்கா."

"அழாம எப்படி இருப்பே? கதையில அழுதா தப்பில்ல."

"அழுதா நல்லாருந்திருக்குமே. பயந்தேன். அண்ணன் உசிரோட வீட்ல படுத்திருக்கார். அவர் குரல் மட்டும் எங்கிட்ட வந்து அளவு சொல்லுது. போனைத் தூக்கி வாளித் தண்ணிக்குள்ள போடப் போனேன்."

"போட்டியா?"

"போட்டிருந்தா இப்ப உங்களுக்கு ஏது கதை?"

ஆகவே, அவன் அழவில்லை. வாளியின் விளிம்புவரை போன் போனது. பாட்டில் அந்தக் குரல் மறுபடியும் கூவியது. அது கூவிவிட்டு நிற்கிற இடத்தில், இவன் பதில் இருந்திருக்க வேண்டிய இடத்தில், டிரம் மட்டும் அடித்தது.

5

பேய் வேலை இல்லை. மகள் போனில் தேடி அரை நிமிஷத்தில் படித்துச் சொன்னாள். பாட்டின் கீழே போட்டிருந்தது: "நடையில் வேலை செய்த, பெயர் தெரியாத ஒருவரின் குரல்."

அப்போது இவனுக்கு நினைவு வந்தது. மேஸ்திரிக்குக் குரல் கெடுவதற்கு முன்னால் ஒரு கட்டிடத்தில் நடை முழுக்கத் தரை போட்டார்கள். கடைசி அறையில் யாரோ நாள் முழுக்க வாத்தியங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்கள். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நடையில் கூவியது அவர்கள் மைக்கில் விழுந்திருக்கிறது. "இவனுங்களுக்கு ஒரே மாதிரி அடிக்கவே வராதா?" என்று மேஸ்திரி கேட்டதுகூட நினைவிருந்தது.

மகள் அந்தக் குழுவுக்குச் செய்தி அனுப்பினாள். டிரம்காரியே பதில் போட்டாள். அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லையாம். அந்தக் குரலுக்காகத்தான் பாட்டையே கட்டினார்களாம். ஆளைத் தேடி அந்தக் கட்டிடத்தில் விசாரித்தும் கிடைக்கவில்லையாம். பாட்டு ஆல்பத்தில் போகப்போகிறது, அடுத்த வாரக் கடைசியில் எல்லாவற்றையும் முடித்து அனுப்ப வேண்டும். "அவருக்கு இஷ்டம் இல்லைன்னா எடுத்துடறோம். இஷ்டம்னா பாடறவங்க வரிசையில அவர் பேரைப் போடறோம். ஆனா அதை அவரே சொல்லணும். வேற யாரும் அவருக்காகச் சொல்லக் கூடாது."

"அதுல என் குரலும் இருந்திருக்கணுமே, எங்கேன்னு கேளு" என்றான் இவன்.

கேட்டாள். பதில் வந்தது. மகள் படிக்கத் தயங்கினாள்.

"சொல்லு, பரவால்ல."

"இன்னொரு குரல் தாளத்தை முந்திக்கிட்டு ஓடுச்சாம்ப்பா. வெட்டிட்டாங்களாம்."

"என்னையே வெட்டிட்டாங்களா?" என்றான். மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

6

இனி வருவதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை. அவன் சொன்னபடியே.

விடுமுறை நாள் மதியம் மேஸ்திரி வீட்டுக்குப் போனான். ஜன்னலோரம் கட்டில், சுவர் பக்கம் திரும்பிய முதுகு. மேஸ்திரியின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு அவள் அண்ணி.

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவதாகத்தான் வழியெல்லாம் திட்டம். அந்த முதுகைப் பார்த்ததும் திட்டம் போன இடம் தெரியவில்லை. "அண்ணே, ஒரு பாட்டு கேளுங்க" என்று மட்டும் சொல்லிப் போனைக் கட்டிலில் வைத்தான்.

கிதார். இரைச்சல். நிசப்தம். குரல்.

அண்ணியின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் ஓடினாள். இவன் அவளைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்தான்.

முதுகு அசைந்தது. மேஸ்திரி திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். விரலை வட்டமாகச் சுழற்றினார்: திரும்பப் போடு.

போட்டான். இந்தத் தடவை அவர் போனைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் கைவிட்டு டைல்ஸ் துண்டை எடுத்து எழுதினார்.

"யார் இது?"

"ஒரு குரூப்புண்ணே. அவங்களே எழுதி, அவங்களே பாடி..."

இல்லை என்று தலையாட்டினார். துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

"கூவறவன் யார்?"

நான் சட்டியை மறந்து நின்ற இடம் இதுதான். உங்களுக்குப் புரிகிறதா? மேஸ்திரிக்குத் தெரியவில்லை. பெண்டாட்டிக்குத் தெரிந்தது, வெட்டுகிறவனுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? நம் குரலை நாம் நம் மண்டைக்குள்ளிருந்து கேட்கிறோம். வெளியே போன பிறகு அது எப்படி ஒலிக்கிறது என்பது ஊருக்குத்தான் தெரியும். அவர் ஒருநாளும் தன் குரலைப் பதிந்து கேட்டவர் இல்லை. அதற்கென்ன அவசியம், கூடவே இருக்கிற குரல்தானே?

இவன் போனை எடுத்தான், திரும்ப வைத்தான். மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார், தன் இடத்துக்கு இவன் வேறு ஆளைச் சேர்த்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

"புது ஆளா? எப்போலேருந்து இவன்கூட வேலை?"

"இல்லண்ணே, அப்படி..."

கையை உயர்த்தி நிறுத்தினார். கோபமில்லை. இது என்றைக்காவது நடக்கும் என்று முன்னமே தெரிந்தவர் முகம். மறுபடியும் விரலைச் சுழற்றினார்.

பாட்டு ஓடியது. குரல் அளவு சொல்லச் சொல்ல மேஸ்திரியின் வலதுகை மடியில் தானாக எழுந்தது. பசையைச் சீப்புக் கரண்டியால் வாரியது. இல்லாத கல்லை வைத்தது. விரல் கணுவால் நாலு மூலையும் தட்டிப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை சோற்றுக்கும் துணிக்கும் பென்சிலுக்கும் தவிர எதற்கும் எழுந்ததில்லை. பாட்டு முடிந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு, கழுத்துத் துணி மட்டும் படபடத்தது.

எழுதினார்: "நல்ல குரல்."

துடைத்தார். எழுதினார்: "என்னை மாதிரியே இழுக்கறான். ஆனா என்னைவிட சுத்தம்."

துடைத்தார். எழுதினார்: "இவனை விட்டுடாதே."

மேஸ்திரிக்கு ஒரு பாடகனைப் பிடித்துப்போய்விட்டது.

"வாரக் கடைசியில வந்து விவரமாச் சொல்றேண்ணே" என்று உளறிவிட்டு இவன் சமையலறைப் பக்கம் நழுவினான். அண்ணி முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன அண்ணி சொல்றது?"

"எங்கிட்ட கேக்காதே."

"உங்களைக் கேக்காம?"

"வீட்ல அவர் இப்படிக் கூவினதே இல்ல, தெரியுமா? என்னை ஒரு தடவைகூட சத்தமாக் கூப்பிட்டதில்ல. நீதான் தினம் கேட்டே." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எனக்கு அதைத் தினம் கேக்கணும். அதுக்கு எது சொல்லணுமோ அதைச் சொல்லு."

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அவன் சொல்லிவிடுகிறான். மேஸ்திரி திகைக்கிறார், பிறகு கண்ணீர் மல்க, மெல்ல

எழுதும்போதே இனித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். போன குரலுக்கு இத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரிடம், "நீங்க பிடிச்சிருக்குன்னு சொன்னது அதைத்தான்" என்று சொன்னால் மல்குமா? மறுபடியும் சுவர் பக்கம் திரும்பினால்?

இரண்டு. சொல்லவில்லை. "ஆமாண்ணே, புது ஆள்" என்கிறான். வாராவாரம் போய் அந்தப் புது ஆளைப் பற்றிக் கதை சொல்கிறான். மேஸ்திரி அவனுக்கு அளவு நுணுக்கமெல்லாம் எழுதி அனுப்புகிறார். டிரம்காரிக்கு இவனே சம்மதம் சொல்லிவிடுகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

கையிலிருந்த தூசியைத் தட்டினான். பிறகு கேட்டான்: "அப்ப அண்ணன் செத்துப்போனப்புறமும் அந்த ஆள் என்கூட வேலை செஞ்சிட்டுத்தான் இருப்பானாக்கா?"

அந்தத் தாளையும் கிழித்துவிட்டேன்.

மூன்று. அவரிடம் சொல்லாமல், குரலை எடுத்துவிடச் சொல்லி டிரம்காரிக்கு

இதற்கு அண்ணி என்னை மன்னிக்க மாட்டாள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும்.

"சரி, நீ என்னதான்டா சொல்லப் போற?" என்றேன்.

"தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்குச் சொல்லப் போறேன்? நீங்கதான் எழுதறவங்க. எழுதிக் குடுங்க, அதைப் போய்ச் சொல்றேன்."

எனக்கு வந்த அதிர்ச்சியைக் கேளுங்கள். இதைக் கதை என்று நினைத்து வாங்கியவள் நான். அவனோ கல்லுக்கு அளவு கேட்கிற மாதிரி என்னிடம் ஒரு வாக்கியம் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

8

இன்று வாரக் கடைசி. டிரம்காரி காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாளாம்.

மத்தியானம் அண்ணியிடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தான். முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது.

"அண்ணன் சவரம் பண்ணிக்கிட்டு, சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருக்காராம்க்கா. சுவரைப் பார்த்து இல்ல. வாசலைப் பார்த்து."

"நல்லதுதானே?"

"டைல்ஸ் துண்டுல எழுதித் தலைமாட்டுல சாத்தி வச்சிருக்காராம். அண்ணி துடைக்கப் போனா கையைப் பிடிச்சுக்கறாராம்."

"என்ன எழுதியிருக்காரு?"

அண்ணி படித்துக் காட்டியதை அப்படியே சொன்னான்:

"சாயந்திரம் வரும்போது அந்தப் புது ஆளையும் கூட்டிட்டு வா."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே மெஷின் நின்றுவிட்டது. கைகால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. மாடிப்படி இந்தப் பக்கம்தான். என்னைத் தாண்டாமல் அவன் வாசலுக்குப் போக முடியாது. என்னிடம் வாக்கியம் எதுவும் இல்லை. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். அவன் இறங்கி வருகிறான். கேட்டால் நீங்கள் சொல்லுங்கள்.